வாலில் நின்று எழும்பிய போர் விமானங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூக்கு வானத்தைப் பார்க்க, வாலைத் தரையில் ஊன்றி நிற்கும் போர் விமானத்தின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று சமூக வலைதளங்களில் அவ்வப்போது சுற்றி வரும். உண்மையா, ஒட்டு வேலையா என்று கீழே ஒரு சண்டையும் நடக்கும். படம் உண்மைதான். அமெரிக்கக் கடற்படைக்காக 1950களில் கான்வேர் நிறுவனம் கட்டிய எக்ஸ்எஃப்ஒய்-1 போகோ அது. எழும்பியது, பறந்தது, இறங்கவும் செய்தது. ஆனால் ஒரு கப்பலிலும் ஒரு படைப்பிரிவிலும் பணியில் சேரவில்லை. அதைப் பற்றியும் அதே குலத்தில் பிறந்த மற்ற விமானங்களைப் பற்றியும் வழக்கமாக எழும் கேள்விகள் இவை.

விமானத்தை எதற்காக வாலில் நிறுத்த வேண்டும்?

ஓடுபாதை இல்லாத இடத்திலிருந்து பறக்க வேண்டும் என்பதற்காக.

இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக்கைக் கடந்த சரக்குக் கப்பல்களுக்குத் தண்ணீருக்கு அடியில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள், தலைக்கு மேலே நெடுந்தூர விமானங்கள் என்று இரட்டைத் தொல்லை. எல்லாக் கப்பல் அணிகளுக்கும் துணையாக விமானந்தாங்கிக் கப்பலை அனுப்ப யாரிடமும் அத்தனை கப்பல்கள் இல்லை. பிரிட்டன் 1941-ல் ஒரு அவசர வழியைக் கையாண்டது. சரக்குக் கப்பலின் முன்பகுதியில் ஒரு தண்டவாளம், அதன்மேல் ஒரு ஹரிக்கேன் போர் விமானம், அதை ராக்கெட் விசையால் வீசி எறியும் ஏற்பாடு. எதிரி விமானம் தென்பட்டதும் வீசுவார்கள். விமானி சண்டையிடுவார். அதற்குப் பிறகு இறங்க இடம் கிடையாது. கரை எட்டும் தூரத்தில் இல்லையென்றால் பாராசூட்டில் குதிக்க வேண்டும், அல்லது விமானத்தோடு கடலில் இறங்கி, கப்பல்காரர்கள் தன்னைக் கண்டெடுப்பார்கள் என்று நம்ப வேண்டும். ஒரு சண்டைக்கு ஒரு விமானம் செலவு.

போர் முடிந்த பிறகு அமெரிக்கக் கடற்படை இதையே வேறு விதமாக யோசித்தது. அதே சிறிய கப்பலிலிருந்து நேராக மேலே கிளம்பி, வேலையை முடித்துவிட்டு, அதே தளத்தில் வந்து உட்காரும் போர் விமானம் இருந்தால்? ஒவ்வொரு சரக்குக் கப்பலும் தன் காவலைத் தானே சுமந்து செல்லலாம். 1951-ல் கான்வேர், லாக்ஹீட் என்ற இரண்டு நிறுவனங்களுக்கும் தனித்தனியே ஒப்பந்தம் கொடுத்தார்கள். ஒரே தேவை, ஒரே என்ஜின், இரண்டு வடிவமைப்புகள்.

அதற்கு ஹெலிகாப்டர் போதாதா?

போதாது. அன்றைய ஹெலிகாப்டர், குண்டுவீச்சு விமானத்தைத் துரத்திப் பிடிக்கும் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. போகோவிடம் எதிர்பார்க்கப்பட்ட வேகம் மணிக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கும் மேல்.

போகோ எப்படி இருந்தது?

தடித்த உடல், முக்கோண இறக்கை, மேலும் கீழுமாக இரண்டு பெரிய துடுப்புகள். மூக்கில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு புரொப்பெல்லர்கள், ஒவ்வொன்றிலும் மூன்று அலகுகள் (விசிறி இலைகள்), விட்டம் சுமார் 4.9 மீட்டர். இறக்கைகளின் முனைகளிலும் துடுப்புகளின் முனைகளிலும் சிறு உருளைச் சக்கரங்கள். அந்த நான்கு சக்கரங்களில்தான் முழு எடையும் நிற்கும். நீளம் பத்து மீட்டரைத் தாண்டும். நிறுத்தி வைத்தால் மூன்று மாடி உயரம். பறக்கும் எடை ஏறக்குறைய 7 டன்.

உள்ளே இருந்தது அலிசன் டி40 டர்போபிராப் என்ஜின், அதாவது புரொப்பெல்லரைச் சுழற்றும் டர்பைன் என்ஜின். சரியாகச் சொன்னால், அருகருகே வைத்த இரண்டு என்ஜின்களை ஒரு கியர்பாக்ஸில் இணைத்த ஜோடி. சுமார் 5,500 குதிரைத்திறன். இந்தக் கியர்பாக்ஸை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

ஆயுதங்கள் பொருத்தப்படவே இல்லை. இறக்கை முனைக் கூண்டுகளில் நான்கு 20 மில்லிமீட்டர் பீரங்கிகள் அல்லது 48 சிறு ராக்கெட்டுகள் வைப்பதாகத் திட்டம் இருந்தது.

புரொப்பெல்லர் ஏன் இரண்டு? ஏன் எதிரெதிர்த் திசையில் சுழன்றன?

புரொப்பெல்லரை ஒரு பக்கம் சுழற்றினால் உடல் மறுபக்கம் சுழல முயலும். ஓடுபாதையில் ஓடும் விமானத்தின் சக்கரங்கள் தரையைப் பற்றியிருப்பதால் இது சமாளிக்கக்கூடிய தொந்தரவு. செங்குத்தாக அந்தரத்தில் தொங்கும் விமானத்தைப் பற்றிப் பிடிக்க எதுவும் இல்லை, உடலே பம்பரமாகிவிடும். எதிர்த்திசையில் இன்னொரு புரொப்பெல்லர் சுழன்றால் இரண்டின் முறுக்கும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

வேறொரு பயனும் உண்டு. அந்தரத்தில் நிற்கும்போது விமானத்துக்கு முன்னோக்கிய வேகம் இல்லை. வேகம் இல்லாவிட்டால் இறக்கையிலும் துடுப்பிலும் உள்ள கட்டுப்பாட்டுத் தகடுகள் வெறும் அலங்காரம். போகோவில் புரொப்பெல்லர்கள் கீழ்நோக்கித் தள்ளும் பெருங்காற்று அந்தத் தகடுகளின் மீதே பாய்ந்ததால், நின்ற இடத்திலும் அவை வேலை செய்தன.

ஜெட் என்ஜின் பொருத்தியிருக்கலாமே?

1951-ல் கிடைத்த ஜெட் என்ஜின்களில், விமானத்தின் மொத்த எடையையும் மிஞ்சும் உந்துவிசையைச் சிக்கனமான அளவிலும் எடையிலும் பெறுவது கடினம். தவிர, அன்றைய ஜெட்டில் விசைப்பிடியைத் தள்ளினால் என்ஜின் வேகமெடுக்கச் சில வினாடிகள் ஆகும். தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில் தொங்கும் விமானிக்கு அந்தச் சில வினாடிகள் நீண்ட காலம். டர்போபிராப்பில் என்ஜின் ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். அலகுகளின் கோணத்தை மாற்றினால் விசை உடனே கூடும், குறையும்.

விமானி எப்படி ஏறுவார், எப்படி உட்கார்ந்திருப்பார்?

உயரமான ஏணி வைத்து ஏறுவார். மல்லாந்து படுத்த நிலையில் விமானத்தை ஓட்ட முடியாது என்பதால் இருக்கை 45 பாகை முன்னோக்கிச் சாயும்படி செய்திருந்தார்கள். விமானம் நேராகப் பறக்கத் தொடங்கியதும் இருக்கை வழக்கமான நிலைக்குத் திரும்பும். ஆனாலும் செங்குத்து நிலையில் விமானி பாதி மல்லாந்து, வானத்தைப் பார்த்தபடிதான் இருப்பார்.

ஏணி இல்லாத இடத்தில் இறங்க நேர்ந்தால்? விமானி அறைக்குள் ஒரு கயிறு வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தின் மிக நவீனமான கடற்படைப் போர் விமானத்திலிருந்து வெளியேற, கிணற்றில் இறங்குவதைப் போலக் கயிற்றைப் பிடித்து இறங்க வேண்டும்.

முதல் சோதனை கூரைக்குக் கீழே நடந்தது என்கிறார்களே?

ஆமாம். கலிஃபோர்னியாவின் மொஃபெட் ஃபீல்டு கடற்படை விமானத் தளத்தில், 1930களில் ராட்சத வான்கப்பல்களுக்காகக் கட்டிய கொட்டகை ஒன்று உண்டு. உயரம் ஏறக்குறைய 60 மீட்டர். போகோவின் மூக்குக் கூம்பைக் கழற்றி, புரொப்பெல்லர் மையத்தில் ஒரு கம்பிவடத்தை மாட்டி, அதைக் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். விமானி தடுமாறினால் வடத்தை இயக்குபவர் இழுத்துப் பிடித்துவிடுவார். 1954 ஏப்ரல் இறுதியில் இந்தச் சோதனை தொடங்கியது.

கொட்டகை பாதுகாப்பைத் தந்தது, தொந்தரவையும் தந்தது. புரொப்பெல்லர்கள் கீழே தள்ளிய காற்று தரையில் மோதி, சுவர்களில் ஏறி, மறுபடியும் விமானத்தின் மீதே வந்து விழுந்தது. விமானம் தள்ளாடியது. வெளியே வந்த பிறகு நிலைமை தேறியது. 1954 ஆகஸ்டு 1 அன்று வடம் எதுவும் இல்லாமல் திறந்தவெளியில் முதலில் ஆறு மீட்டர் உயரம். அடுத்த முறை சுமார் 45 மீட்டர்.

யார் அந்த விமானி?

ஜேம்ஸ் கோல்மன். ‘ஸ்கீட்ஸ்’ என்று எல்லோரும் அழைப்பார்கள். கான்வேரின் சோதனை விமானி. போகோவின் கதை ஏறக்குறைய முழுவதும் இவர் ஒருவருடைய கதை.

முழுமையான பறத்தல் எப்போது நடந்தது?

சோதனையை சான் டியாகோ அருகிலுள்ள பிரவுன் ஃபீல்டுக்கு மாற்றினார்கள். அங்கே செங்குத்தாக ஏறுவதும் இறங்குவதுமாகப் பல வாரப் பயிற்சி. 1954 நவம்பர் 2 அன்று கோல்மன் நேராக மேலே கிளம்பி, மெல்ல மூக்கைத் தாழ்த்தி, சாதாரண விமானத்தைப் போலக் கிடைமட்டமாகப் பறந்தார். பிறகு மூக்கைத் தூக்கி, அந்தரத்தில் நிறுத்தி, வாலில் வந்து இறங்கினார். மொத்தம் 21 நிமிடம். அதில் சுமார் ஏழு நிமிடம் கிடைமட்டப் பறத்தல். செங்குத்தாக எழும்பி, படுத்துப் பறந்து, மறுபடியும் செங்குத்தாக இறங்கும் சுற்றை ஒரு போர் விமான வடிவம் முடித்துக்காட்டியது அதுதான் முதல் முறை. அதற்காகக் கோல்மனுக்கு ஹார்மன் டிராபி என்ற விமானத்துறை விருது கிடைத்தது.

அப்புறம் என்னதான் பிரச்சினை?

இறங்குவது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

மேலே ஏறுவது எளிது. போதிய விசை இருந்தால் விமானம் தானாகவே கிளம்பும். ஏறும்போது விமானி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். மோதுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கிடைமட்டத்துக்கு மாறுவதும் சிரமமில்லை, வேகம் ஏற ஏற இறக்கை பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

திரும்பி வரும்போது கதை மாறுகிறது. முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும். போகோ காற்றில் வழுக்கிச் செல்லும் வடிவம்; அதில் வேகத்தடைத் தகடுகளும் இல்லை. விசையைக் குறைத்தாலும் விமானம் ஓடிக்கொண்டே இருக்கும். இறங்குமிடத்துக்கு மேலே வந்து மூக்கைச் செங்குத்தாகத் தூக்கினால், மிச்ச வேகம் அதை உயரே கொண்டுபோய்விடும். எங்கே தூக்கினால் எங்கே நிற்கும் என்பது முழுக்க விமானியின் கைப்பழக்கம்.

அடுத்து, அந்த உயரத்திலிருந்து பின்னோக்கி, வால் முன்னே வர, இறங்க வேண்டும். விமானியின் முகமோ வானத்தைப் பார்த்திருக்கிறது. தரையைப் பார்க்க வேண்டுமென்றால் தோளுக்கு மேலே கழுத்தைத் திருப்பி, இறக்கையைத் தாண்டிக் கீழே எட்டிப் பார்க்க வேண்டும். அப்படித் திரும்பிய நிலையில் ஒரு கையில் கட்டுப்பாட்டுக் கம்பி, மறு கையில் விசைப்பிடி. ‘வா வா வா’ என்று பின்னால் நின்று குரல் கொடுக்கக் கிளீனர் இல்லாமல், லாரியை ரிவர்ஸில் எடுப்பது போன்ற வேலை. லாரி அந்தரத்தில் தொங்குகிறது என்பதுதான் வித்தியாசம்.

மிகவும் கெடுதலான விஷயம், எவ்வளவு வேகமாகக் கீழே இறங்குகிறோம் என்று விமானிக்குத் தெரியாது. சில பத்து மீட்டர் உயரத்துக்கு மேலே, தரையைப் பார்த்து இறக்க வேகத்தைக் கண்ணால் அளப்பது மனிதனுக்குக் கைவராத வித்தை. வேகம் கொஞ்சம் கூடினாலும், விமானம் தன் புரொப்பெல்லர் கிளப்பிய கலங்கிய காற்றுக்குள்ளேயே இறங்க ஆரம்பித்துத் தடுமாறும். இதற்காகச் சிறிய ரேடார் உயரமானி ஒன்றைப் பொருத்தி, அது சொல்வதை வண்ண விளக்குகளாகக் காட்ட ஏற்பாடு செய்தார்கள். பச்சை எரிந்தால் சரி, சிவப்பு எரிந்தால் ஆபத்து. உதவியது. ஆனால் ஒரு விளக்கை நம்பி உயிரை ஒப்படைக்க எத்தனை பேர் முன்வருவார்கள்?

இத்தனையும் கலிஃபோர்னியாவின் அசையாத தரையில், நல்ல வானிலையில், பகலில், நாட்டின் தலைசிறந்த சோதனை விமானிகளில் ஒருவர் செய்தது. கடற்படை கேட்டதோ ஆடும் கப்பலில், இரவில், மழையில், சாதாரண விமானி செய்யக்கூடியது. காற்று வீசினால் இன்னொரு சங்கடமும் உண்டு. அந்தப் பெரிய முக்கோண இறக்கையும் துடுப்புகளும் பாய்மரம் போல விரிந்து நிற்கும். காற்றை எதிர்த்து ஒரே இடத்தில் நிற்க விமானத்தைச் சாய்க்க வேண்டும். சாய்ந்த நிலையில் இறங்கினால் நான்கு சக்கரங்களில் ஒன்றுதான் முதலில் தளத்தைத் தொடும். ஏழு டன் கோபுரம் ஒற்றைக்காலில் இறங்கினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

எழும்பும் விமானத்தைக் கட்டியாகிவிட்டது; இறக்கத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவர்தான் இருப்பார் என்ற நிலை. போகோவைக் கொன்றது இதுதான் என்பது என் கணிப்பு. மற்ற காரணங்கள் எல்லாம் இதற்குப் பின்னால் வரிசையில் நின்றவை.

ஆபத்தில் தப்பிக்க வழி இருந்ததா?

எறி இருக்கை இருந்தது. ஆனால் தரையை ஒட்டிய உயரத்திலிருந்து, வேகமே இல்லாமல் எறிந்தாலும் பாராசூட் விரியக்கூடிய இருக்கைகள் 1960களில்தான் வந்தன. விமானம் செங்குத்தாக நிற்கும்போது இருக்கை மேல்நோக்கியும் போகாது, பக்கவாட்டில்தான் எறியும். மிக ஆபத்தான தருணத்தில் இருக்கையால் பயன் குறைவு.

கிடைமட்டமாகப் பறக்கும்போது என்ஜின் நின்றுவிட்டால் கீழ்த் துடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வயிற்றால் சறுக்கி இறங்கலாம் என்று ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். நல்லவேளையாக அதற்கு அவசியம் வரவில்லை.

லாக்ஹீடின் விமானம் என்ன ஆயிற்று?

அது இன்னும் சோகம். எக்ஸ்எஃப்வி-1 என்ற அந்த விமானத்துக்கு நேரான சிறிய இறக்கைகள், வாலில் பெருக்கல் குறி வடிவில் நான்கு துடுப்புகள். சோதனை விமானி ஹெர்மன் சால்மன், பட்டப்பெயர் ‘ஃபிஷ்’. குடும்பப்பெயரே மீனின் பெயர் என்பதால் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது.

செங்குத்தாகக் கிளப்பப் போதுமான சக்தியுள்ள என்ஜின் அவர்களுக்குக் கடைசிவரை வந்து சேரவில்லை. அதனால் வயிற்றுக்கடியில் நீண்ட, அழகில்லாத தற்காலிகச் சக்கரக் கால்களைப் பொருத்தி, எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தின் ஓடுபாதையில் சாதாரண விமானம் போல ஓட்டினார்கள். 1953 டிசம்பரில் தரையில் ஓட்டிச் சோதித்தபோது சற்று நேரம் தானாகவே எழும்பிவிட்டது. முறைப்படியான முதல் பறத்தல் 1954 ஜூன் 16. மொத்தம் 32 முறை பறந்தது. உயரத்தில் மூக்கைத் தூக்கிச் செங்குத்தாகத் தொங்கிக் காட்டியதும் உண்டு. ஆனால் எந்த வேலைக்காகப் பிறந்ததோ, அந்த வேலையை, அதாவது வாலில் நின்று கிளம்பி வாலில் இறங்குவதை, ஒரு முறைகூடச் செய்யவில்லை.

லாக்ஹீடின் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் கெல்லி ஜான்சன் பின்னாளில் சொன்னது: தோளுக்கு மேலே பார்த்து இறங்கிப் பழகினோம், எவ்வளவு வேகத்தில் இறங்குகிறோம், எப்போது மோதுவோம் என்று சொல்லவே முடியவில்லை. இந்த விமானத்தை அப்படி இறக்குவது உசிதமல்ல என்று கடற்படைக்கு எழுதினோம். ஒப்புக்கொள்கிறோம் என்று பதில் வந்தது.

இராணுவ ஒப்பந்த வரலாற்றில் இவ்வளவு சுமுகமான கடிதப் போக்குவரத்து அபூர்வம். 1955 ஜூனில் திட்டம் ரத்தானது.

ஜெட் என்ஜினோடு யாருமே முயலவில்லையா?

முயன்றார்கள், நன்றாகவும் செய்தார்கள். ரயன் நிறுவனத்தின் எக்ஸ்-13 வெர்டிஜெட், அமெரிக்க விமானப்படைக்காகக் கட்டப்பட்ட சின்னஞ்சிறு முக்கோண இறக்கை விமானம். நீளம் ஏழு மீட்டர்தான். ரோல்ஸ்ராய்ஸ் ஏவான் ஜெட் என்ஜின். இது வாலில் நிற்கவில்லை, மூக்கால் தொங்கியது. ஒரு டிரெய்லரின் தளத்தைச் செங்குத்தாக நிமிர்த்தி, அதன் மேல்விளிம்பில் குறுக்கே ஒரு கம்பிவடம் கட்டியிருந்தார்கள். விமானத்தின் மூக்கடியில் ஒரு கொக்கி. கிளம்பும்போது கொக்கி வடத்திலிருந்து விடுபடும். திரும்பும்போது வயிற்றுப்பக்கம் தளத்தைப் பார்க்க, அங்குலம் அங்குலமாக நெருங்கி, கொக்கியை மறுபடியும் வடத்தில் மாட்ட வேண்டும்.

விமானியால் வடத்தைப் பார்க்க முடியாது. அது அவருக்குக் கீழே, மூக்கு மறைக்கும் இடத்தில் இருக்கிறது. அதனால் தளத்திலிருந்து அளவுக்கோடுகள் போட்ட ஒரு நீண்ட கம்பத்தை வெளியே நீட்டி வைத்தார்கள். எத்தனையாவது கோட்டுக்கு நேரே இருக்கிறோம் என்று பார்த்து அவர் தூரத்தைக் கணக்கிடுவார். இந்தக் கம்பம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஜெட் யுகத்தின் தலைவலி ஒன்றுக்குத் துணிக்கடை அளவுகோலின் மருந்து.

1957 ஏப்ரல் 11 அன்று விமானி பீட்டர் ஜிரார்டு, டிரெய்லரிலிருந்து கிளம்பி, கிடைமட்டமாகப் பறந்து, திரும்பி வந்து வடத்தில் மாட்டும் முழுச் சுற்றையும் முடித்தார். அதே ஆண்டு ஜூலை இறுதியில் வாஷிங்டனில் பென்டகன் அருகே அதிகாரிகளுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் காட்டினார்கள். பாராட்டு குவிந்தது, பணம் வரவில்லை. தன்னைத் தானே தூக்குவதிலேயே சக்தி முழுவதும் செலவானதால், ஆயுதத்துக்கும் போதிய எரிபொருளுக்கும் அந்தச் சிறு உடலில் இடம் இல்லை. கட்டிய இரண்டு விமானங்களும் சேதமின்றித் தப்பின. இந்தக் குலத்தில் அது சாதாரணமல்ல.

வளையம் போன்ற இறக்கையுடன் ஒரு பிரெஞ்சு விமானம் உண்டாமே?

ஸ்னெக்மா நிறுவனத்தின் கொலியோப்டர். உடலைச் சுற்றிப் பீப்பாய் போல இறக்கை. 1959 மே மாதம் முதல் சுதந்திரப் பறத்தல். அதே ஆண்டு ஜூலை 25 அன்று ஒன்பதாவது பறத்தலில், செங்குத்திலிருந்து சாய்ந்து பறக்க முயன்றபோது கட்டுப்பாடு இழந்து விழுந்து நொறுங்கியது. விமானி ஓகுஸ்த் மொரேல் எறி இருக்கையில் தப்பினார், பலத்த காயங்களோடு. இரண்டாவது விமானம் கட்டப்படவில்லை.

இதெல்லாம் ஜெர்மானியர்களின் யோசனையைத் திருடியது என்பது உண்மையா?

போரின் கடைசிக் காலத்தில் ஃபோக்கவுல்ஃப் நிறுவனம், உடலைச் சுற்றிச் சுழலும் மூன்று இறக்கைகளும் அவற்றின் முனைகளில் ராம்ஜெட்டுகளும் கொண்ட ஒரு விமானத்தைக் காகிதத்தில் வரைந்தது. அதுவும் வாலில்தான் நிற்கும். வரைபடத்தைத் தாண்டி அது வரவில்லை. வாலில் நிற்பதைத் தவிரப் போகோவுக்கும் அதற்கும் என்ஜினிலோ, இறக்கையிலோ, கட்டுப்பாட்டிலோ ஒற்றுமை இல்லை. ‘நாஜிகளின் ரகசியத் தொழில்நுட்பம்’ என்று யூடியூபில் பின்னணி இசையோடு வரும் காணொளிகளை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, போகோவை அதிகாரபூர்வமாக ஏன் கைவிட்டார்கள்?

இறங்கும் சிக்கலைச் சொல்லியாகிவிட்டது. முன்பு சொன்ன கியர்பாக்ஸ் அடுத்தது. டி40 என்ஜின் எந்த விமானத்தில் பொருத்தப்பட்டதோ அந்த விமானத்துக்குத் தலைவலி கொடுத்தது. டக்ளஸின் ஸ்கைஷார்க் தாக்குதல் விமானம், கான்வேரின் டிரேட்விண்டு பறக்கும் படகு எல்லாமே அதனால் அவதிப்பட்டவை. இரட்டை என்ஜினை ஒரே தண்டில் இணைத்து எதிரெதிர்ச் சுழற்சியாகப் பிரிக்கும் பொறி, காகிதத்தில் நேர்த்தியாக இருந்தது. எண்ணெயில் குளித்துச் சுழலும்போது தேய்ந்தது. என்ஜின் கெட்டாலும் இறக்கையில் மிதந்து ஓடுபாதைக்கு வந்துவிடலாம் என்ற ஆறுதல், அந்தரத்தில் தொங்கும் விமானத்துக்குக் கிடையாது.

காலமும் காத்திருக்கவில்லை. போகோ கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோதே எஃப்-100 சூப்பர் சேபர் என்ற ஜெட் போர் விமானம் நேராகப் பறந்தே ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டது. 1955 மார்ச்சில் கடற்படையின் புதிய எஃப்-8 குரூசேடர் தன் முதல் பறத்தலிலேயே அதைத் தாண்டியது. புரொப்பெல்லர் விமானம் அந்த ஆட்டத்தில் சேரவே முடியாது. எதிரி ஜெட் குண்டுவீச்சு விமானத்தில் வந்தால், இது துரத்திப் பார்க்கலாம், பிடிக்க முடியாது.

பராமரிப்பையும் நினைத்துப் பாருங்கள். நிற்கும் விமானத்தில் என்ஜின் மாடி உயரத்தில் இருக்கிறது. தொட வேண்டுமென்றால் தனி வண்டியில் படுக்க வைக்க வேண்டும். பறக்கும் முன் மறுபடியும் நிமிர்த்த வேண்டும். சரக்குக் கப்பலின் குறுகிய தளத்தில், அலையில் ஆடிக்கொண்டே இதைச் செய்வது யார்?

1955-ல் ஆர்வம் வடிந்தது. அதன்பின் திட்டம் எழுந்திருக்கவில்லை.

படுத்தபடியே மேலே எழும்பும் விமானங்கள் வென்றனவே?

ஒன்று வென்றது, பல தோற்றன. பிரான்சின் மிராஜ் 3வி, உடலுக்குள் எட்டுத் தனி லிஃப்ட் என்ஜின்களைச் சுமந்தது. அவை எழும்பவும் இறங்கவும் மட்டும். மற்ற நேரமெல்லாம் அவை வெறும் பாரம். 1966 செப்டம்பரில் அது ஒலியைப் போல இருமடங்கு வேகத்தைத் தொட்டது. நவம்பரில் அந்த விமானம் விழுந்தது. ஜெர்மனியின் விஜே 101சி இறக்கை முனைகளில் சுழலும் ஜெட் கூண்டுகளோடு ஒலியை முந்தியது. அதுவும் சோதனையோடு நின்றது. அமெரிக்காவின் எக்ஸ்எஃப்வி-12ஏ இன்னும் ஒரு படி மேல்: செங்குத்தாக எழும்பவே செய்த அந்த விமானத்தால் சோதனையில் தன் எடையில் நான்கில் மூன்று பங்கைத்தான் தூக்க முடிந்தது.

வென்றது பிரிட்டனின் ஹாரியர். ஒரே என்ஜின், நான்கு திரும்பும் குழாய்கள். குழாயைக் கீழே திருப்பினால் எழும்பும், பின்னே திருப்பினால் பறக்கும். உடல் எப்போதும் படுத்தே இருப்பதால் விமானி முன்னால் பார்த்தபடி இறங்கலாம். 1969-ல் பிரிட்டன் விமானப்படையில் சேர்ந்தது. ஆனாலும் பாரம் அதிகமானால் ஹாரியரும் நேராக எழும்பாது. கொஞ்ச தூரம் ஓடித்தான் கிளம்பும்.

இந்தியாவில் இந்த வகை விமானம் இருந்ததா?

வாலில் நிற்கும் வகை இல்லை. ஹாரியரின் கடற்படை வடிவமான சீ ஹாரியர், 1983 முதல் 2016 வரை இந்தியக் கடற்படையில் கோவாவைத் தளமாகக் கொண்டு இயங்கியது. ஐஎன்எஸ் விராட் கப்பலின் முன்புறத்தில் மேல்நோக்கி வளைந்திருந்த சாய்தளம், அவை குறைந்த தூரம் ஓடிக் கிளம்புவதற்குத்தான்.

வாலில் நின்று எழும்பும் யோசனை முற்றிலும் செத்துவிட்டதா?

இல்லை. விமானியை இறக்கிவிட்டு ஆளில்லா விமானங்களில் மறுபடியும் வந்திருக்கிறது. வி-பேட் என்ற அமெரிக்கச் சிறு விமானம் கப்பல் தளத்தில் வாலில் நின்று கிளம்பி, வாலிலேயே இறங்குகிறது. கழுத்தைத் திருப்ப அதில் யாரும் இல்லை; இறக்க வேகத்தைக் கணினி கணக்கிடுகிறது.

அந்தப் பழைய விமானங்களை இப்போது நேரில் பார்க்க முடியுமா?

சிலவற்றை. போகோவுக்கு மூன்று உடல்கள் கட்டினாலும் பறந்தது ஒன்றுதான். அது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில், மேரிலாந்திலுள்ள சேமிப்புக் கிடங்கில் வைக்கப்பட்டது. கிடங்குக்குப் போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்எஃப்வி-1 ஃபுளோரிடாவின் லேக்லாந்தில் இருக்கிறது. இரண்டு எக்ஸ்-13களில் ஒன்று சான் டியாகோவில், மற்றொன்று ஓஹையோவின் டேட்டனிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில். ஜெர்மனிப் பக்கம் போனால், தப்பிப் பிழைத்த விஜே 101சி மியூனிக்கின் டாய்ச்சஸ் அருங்காட்சியகத்தில் உண்டு. இத்தனையில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் டேட்டனுக்கே என் ஓட்டு; அங்கே எக்ஸ்-13ஐச் சுற்றி மற்ற சோதனை விமானங்களும் ஒரு கூட்டமே நிற்கின்றன.